ஃபுல் ஆச்சா? ஆர்சி பேட்டரி சார்ஜிங்கின் கதை

ஆர்சி கார், ஆர்சி விமானம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் மூன்று அறிவுரைகள் கட்டாயம் காதில் விழும்.

ஒன்று: புது பேட்டரி வாங்கினா முதல் தடவை 14 மணி நேரம் சார்ஜ் போடணும்.

இரண்டு: முழுசா இறக்கிட்டுத்தான் மறுபடி ஏத்தணும். இல்லேன்னா பேட்டரிக்கு மெமரி வந்துடும்.

மூன்று: தொட்டுப் பாரு. சூடாயிருந்தா ஃபுல்.

இதெல்லாம் யாரோ கிளப்பிவிட்ட கதை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தோண்டிப் பார்த்தால் அப்படி இல்லை. மூன்றுமே ஒரு காலத்தில், ஒரு குறிப்பிட்ட வகை பேட்டரிக்கு, சரியான அறிவுரைகள். அந்த பேட்டரி போய்விட்டது, அறிவுரை மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்குக் காருக்குள் இருக்கும் லித்தியம் பேக்கில் இவற்றைக் கடைப்பிடித்தால் முதலாவது வீண் வேலை, இரண்டாவது பேட்டரியைக் கொல்லும், மூன்றாவது வீட்டைக் கொளுத்தவும் கூடும்.

ஆகவே இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். வழியில் ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும்: பேட்டரி நிறைந்துவிட்டது என்பது சார்ஜருக்கு எப்படித் தெரிகிறது?

டெஸ்லாவின் படகு

ஆர்சி வண்டிகளின் கதையை 1898-லிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அந்த வருடம் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சின்னப் படகைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, கம்பி எதுவும் இல்லாமல் ஓட்டிக் காட்டினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை, எண் 613,809, அதே வருடம் நவம்பர் 8-ல் கிடைத்தது. ரேடியோவையே ஜனங்கள் பார்த்திராத காலம்.

எல்லாரும் அந்த ரேடியோவைப் பற்றியே எழுதுவார்கள். எனக்கு அந்தப் படகின் வயிற்றில் இருந்த பேட்டரி மேல்தான் கண். மோட்டாரை ஓட்ட, சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் சேமிப்பு பேட்டரி அதில் இருந்தது. அந்தக் காலத்தில் சேமிப்பு பேட்டரி என்றால் பெரும்பாலும் லெட்-ஆசிட்தான். பிரான்சில் காஸ்டோன் பிளாண்டே 1859-ல் செய்தது. 1881-ல் கமீல் ஃபோர் தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்த பிறகு தொழிற்சாலைப் பொருளாக ஆனது.

லெட்-ஆசிட் பேட்டரி ஒளிவுமறைவில்லாத ஆசாமி. நிறைந்ததா இல்லையா என்பதை இரண்டு விதமாக வெளியே சொல்லும்.

முதலாவது, ஆசிட்டின் அடர்த்தி. இறங்கும்போது கந்தக அமிலம் தகடுகளோடு சேர்ந்துகொள்வதால் திரவம் நீர்த்துப்போகும். ஏறும்போது அமிலம் திரும்பத் திரவத்துக்கு வரும். ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தால் 1.26, 1.28 என்று காட்டினால் ஃபுல். 1.15-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் காலி. பெட்ரோல் பங்க் பக்கத்து பேட்டரி கடைக்காரர் இன்னும் இதைத்தான் செய்கிறார்.

இரண்டாவது, குமிழி. ஒரு செல்லுக்குச் சுமார் 2.4 வோல்ட்டைத் தாண்டினால், ஏற்றிக்கொள்ள இடமில்லாத மின்சாரம் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். மூடியைத் திறந்தால் சலசலவென்று கொதிப்பது தெரியும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அப்பப்போ டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, இப்படிப் பிரிந்து போன தண்ணீருக்கு ஈடாகத்தான்.

அடர்த்தியும் குமிழியும் போதும், சார்ஜருக்கு மூளை வேண்டாம். மனுஷனுக்கு இருந்தால் போதும். ஆனால் ஆசிட் தளும்பும் கனமான டப்பாவைப் படகில் வைக்கலாம், தலைகீழாகக் கவிழும் காரிலோ விமானத்திலோ வைக்க முடியாது.

மூடி போட்டவுடன் வந்த சிக்கல்

1899-ல் ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்கினார். ஹாபிக்காரர்கள் வாயில் நைகாட். இதில் ஆசிட் இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். இந்தக் காரம் அயனிகளைக் கடத்திவிடுவதோடு சரி, ஏறும்போதும் இறங்கும்போதும் செலவாவதில்லை. ஆகவே அதன் அடர்த்தியும் பெரிதாக மாறாது. ஹைட்ரோமீட்டருக்கு வேலை போய்விட்டது.

அடுத்து குமிழியும் போனது. 1947 வாக்கில் ஜார்ஜ் நாய்மன் என்பவர் இந்த செல்லை முழுக்க மூடி சீல் வைப்பதற்கு வழி கண்டார். நெகட்டிவ் தகட்டை பாசிட்டிவை விடப் பெரிதாக வைத்துவிட்டால், நிறையும்போது பாசிட்டிவ் பக்கம்தான் முதலில் நிறையும். அங்கே கிளம்பும் ஆக்சிஜன் வெளியே போகாமல் நெகட்டிவ் பக்கத்துக்குச் சென்று காட்மியத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். உள்ளேயே உண்டாகி உள்ளேயே தீர்ந்துபோகும் வாயு. அதனால் தலைகீழாக வைத்தாலும் ஒழுகாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், காரில் போட்டு உருட்டலாம். ஆர்சி உலகத்துக்கு இந்த மூடிதான் கதவைத் திறந்தது.

கூடவே, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இருந்த இரண்டு வழிகளும் அடைபட்டன.

அப்புறம் என்ன செய்தார்கள்? மெதுவாக ஏற்றினார்கள். ஆக்சிஜன் உள்ளேயே அடங்குவதற்கு ஒரு வேகம் உண்டு. அதைத் தாண்டாத அளவுக்கு மின்னோட்டம் கொடுத்தால், நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டுவிடலாம். அந்தப் பத்திரமான அளவு, பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 1200 எம்ஏஎச் பேக் என்றால் 120 மில்லி ஆம்பியர்.

கணக்குப்படி 10 மணி நேரத்தில் நிறைய வேண்டும். ஆனால் கொடுப்பதெல்லாம் சேமிப்பாக மாறுவதில்லை, ஒரு பங்கு வாயுவாகவும் சூடாகவும் போய்விடும். அதனால் 1.4 மடங்கு கொடுப்பது வழக்கம். 120-ஐ 14-ஆல் பெருக்கினால் 1680. அதாவது 1200-ன் 1.4 மடங்கு.

முதல் அறிவுரையின் பிறந்த ஊர் இதுதான். சார்ஜரோடு வரும் தாளில் 14 முதல் 16 மணி நேரம் என்று அச்சடித்திருப்பார்கள். கடையில் பல மாதம் கிடந்த நைகாட் பேக்கின் செல்கள் ஒன்றுக்கொன்று வெவ்வேறு அளவில் இறங்கியிருக்கும். மெதுவாக, நீளமாக ஏற்றினால், முதலில் நிறைந்த செல் பொறுமையாக வாயுவை விழுங்கிக்கொண்டு காத்திருக்கும். பின்தங்கியவை வந்து சேரும். முதல் சார்ஜ் நீளமாக இருக்க வேண்டும் என்பதில் உண்மையான காரணம் இருந்தது.

15 நிமிட டைமர்

1976-ல் ஜப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் 12-ல் 1 பங்கு அளவு ஆர்சி மாடலை வெளியிட்டது. 1984-ல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் வந்தபோது இது உலகம் முழுக்கப் பரவிய பொழுதுபோக்கு. வெள்ளை நிற கனெக்டர், ஆறு செல், 7.2 வோல்ட் என்பது கிட்டத்தட்ட எழுதப்படாத சட்டமாகிவிட்டது. உள்ளே இருந்தது சப்-சி எனப்படும் செல், சுமார் 23 மில்லிமீட்டர் குறுக்களவு, 43 மில்லிமீட்டர் உயரம்.

இப்போது ஒரு பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கார் ஓடுவது 10, 15 நிமிடம். அடுத்த தடவை ஓட்ட 14 மணி நேரம் காத்திருக்கணும்! பந்தயக்காரர்களுக்கு இது சுத்தமாக ஒத்துவராது. ஒரே நாளில் நாலைந்து சுற்று ஓட வேண்டும்.

அதனால் கார் பேட்டரியில் மாட்டி வேகமாக ஏற்றும் சார்ஜர்கள் வந்தன. சமையலறையில் இருப்பது மாதிரி திருகி வைக்கும் டைமர், 15 நிமிடம். 1200 எம்ஏஎச்சைக் கால் மணி நேரத்தில் ஏற்ற 4.8 ஆம்பியர் வேண்டும். முன்னே சொன்ன 120 மில்லி ஆம்பியரைப் போல நாற்பது மடங்கு.

மென்பொருள் பாஷையில் சொன்னால் இது ஓப்பன் லூப். பேட்டரியிடம் எதையும் கேட்பதில்லை. கடிகாரத்திடம் மட்டும் கேட்கிறது. பேக் உண்மையிலேயே காலியாக இருந்தால்தான் கணக்கு சரி. பாதி சார்ஜோடு இருக்கும் பேக்கில் 15 நிமிடம் வைத்தால், கடைசி ஏழெட்டு நிமிடம் 4.8 ஆம்பியரும் சூடாகவே மாறும். ஆக்சிஜன் அடங்கும் வேகத்தை அது எப்போதோ தாண்டியிருக்கும். செல்லின் வால்வு திறந்து காரம் பீய்ச்சி அடிக்கும்.

இங்கேதான் கை உள்ளே வந்தது. நைகாட்டின் சார்ஜ் வினையில் ஒரு விசித்திரம் உண்டு. ஏறும்போது அது லேசாக வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நிறையும் வரைக்கும் பேக் அதிகம் சுடாது. நிறைந்த நொடியிலிருந்து வருகிற மின்சாரமெல்லாம் வெப்பம். குளிர்ச்சியாக இருந்த பேக் சட்டென்று வெதுவெதுப்பாகும். அதைக் கையால் உணர்ந்து கனெக்டரைப் பிடுங்கினார்கள்.

சூடானால் ஃபுல் என்பது நைகாட்டுக்கு வார்த்தைக்கு வார்த்தை உண்மை. மூன்றாவது அறிவுரையின் ஊரும் தெரிந்துவிட்டது.

மேலே ஏறி, கொஞ்சம் சறுக்கி

கையை விட நுட்பமான ஒரு அடையாளமும் இருந்தது. நைகாட் செல்லை நிலையான மின்னோட்டத்தில் ஏற்றினால் அதன் வோல்டேஜ் மெல்ல உயர்ந்துகொண்டே போகும். நிறைந்ததும் சூடாகிறது, சூடானதும் வோல்டேஜ் லேசாகக் கீழே இறங்குகிறது. ஒரு செல்லுக்கு 10 முதல் 20 மில்லிவோல்ட். ஆறு செல் பேக்கில் 60 முதல் 120 மில்லிவோல்ட். டிஜிட்டல் மீட்டரில் பார்க்கலாம்: 9 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்த எண் நின்று, ஒரு நொடி யோசித்து, குறையத் தொடங்கும்.

அந்தச் சறுக்கலைப் பிடித்து நிறுத்தும் சார்ஜருக்கு டெல்டா பீக் சார்ஜர் என்று பெயர். இது வந்தபோதுதான் சார்ஜர் முதன்முறையாக பேட்டரியைக் கேட்க ஆரம்பித்தது. பேக் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை, எவ்வளவு கொள்ளளவு என்றாலும் பரவாயில்லை. 1200 போய் 1700 வந்தது, 2400 வந்தது. டைமர்காரர் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டும்; டெல்டா பீக்காரர் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இதிலும் தொல்லை உண்டு. ரொம்ப நாள் சும்மா கிடந்த பேக்கில் சார்ஜ் ஆரம்பித்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே வோல்டேஜ் ஒரு போலி உச்சத்தைக் காட்டிச் சறுக்கும். சார்ஜர் ஏமாந்துபோய் ஃபுல் என்று நின்றுவிடும். அதற்கு மருந்து, முதல் சில நிமிடம் எந்தச் சறுக்கலையும் கண்டுகொள்ளாதே என்று சார்ஜருக்குச் சொல்லிவைப்பது. நிரல் எழுதுபவர்களுக்கு இது பழகிய தந்திரம். பட்டன் அதிர்வைப் புறக்கணிக்க டீபவுன்ஸ் வைக்கிறோமே, அதே கதை.

பிறகு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வந்தது. அதே 1.2 வோல்ட், அதே அளவு, ஆனால் கூடுதல் கொள்ளளவு, காட்மியம் என்ற நச்சு உலோகம் கிடையாது. 2000-ல் வந்த நோக்கியா 3310 போனில் இருந்தது இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் காட்மியம் பேட்டரிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தது. நைகாட்டின் காலம் ஏறக்குறைய முடிந்தது.

ஆனால் இந்தப் புதிய செல்லின் குரல் சன்னம். சறுக்கல் ஒரு செல்லுக்கு 5 மில்லிவோல்ட் அளவுதான். தவிர, இது ஏறும்போதே வெப்பத்தை வெளியே விடும், ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பாக இருக்கும். நைகாட்டுக்குப் பழகிய கை இங்கே குழம்பும். பழைய டெல்டா பீக் சார்ஜரில் போட்டால் சறுக்கலைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடவும் வாய்ப்பு உண்டு. ஒரு அறிவுரை, அடுத்த தலைமுறை பேட்டரிக்கே அரைகுறையாகத்தான் பொருந்தியது.

மெமரி என்னும் செயற்கைக்கோள் கதை

இரண்டாவது அறிவுரை மிச்சம் இருக்கிறது: முழுசா இறக்கு.

மெமரி என்ற சொல் செயற்கைக்கோள்களோடு தொடர்புடையது. பூமியைச் சுற்றும் கோள் ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட நேரம் நிழலில் இருக்கும், அப்போது பேட்டரி இறங்கும். வெயிலுக்கு வந்ததும் ஏறும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே அளவு இறக்கம், அதே அளவு ஏற்றம், ஆயிரக்கணக்கான முறை. இப்படி ஓடிய நைகாட் செல்கள், வழக்கமாக நிற்கும் அந்தப் புள்ளியைத் தாண்டி இறக்கப்பட்டபோது வோல்டேஜ் திடீரென்று சரிந்தது. பழகிய இடத்தை ஞாபகம் வைத்திருப்பது போல!

பொழுதுபோக்குக் காரில் இந்த அளவுக்கு ஒழுங்கான சுழற்சி வரவே வராது. ஒரு நாள் பாதி ஓட்டுவோம், ஒரு நாள் நிற்கும் வரை ஓட்டுவோம். ஆர்சிக்காரர்கள் மெமரி என்று சொன்னதில் பெரும்பகுதி வேறு ஒன்று. அதிகமாக ஏற்றி ஏற்றி, உள்ளே இருக்கும் படிகங்கள் பெரிதாக வளர்ந்து, வோல்டேஜ் தணிந்துபோவது. இதற்கும் ஒரு தடவை இறக்கி ஏற்றினால் நிவாரணம் கிடைத்தது. ஆகவே நைகாட் காலத்தில் இறக்குவது தப்பில்லை. காரின் ஹெட்லைட் பல்புகளைக் கனெக்டரில் கட்டி பேக்கை இறக்குவது பந்தயக்காரர்களின் வழக்கமாக இருந்தது.

அப்போதே அதில் ஒரு எல்லை இருந்தது என்பதைப் பலர் விட்டுவிட்டார்கள். ஆறு செல்லும் ஒரே அளவு இல்லை. பல்பு முழுக்க அணையும் வரை விட்டால், முதலில் காலியான செல்லுக்குள் மற்ற ஐந்தும் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். அதன் பாசிட்டிவ் நெகட்டிவாக மாறிவிடும், செல் கெட்டுவிடும். தெரிந்தவர்கள் ஒரு செல்லுக்கு 0.9 வோல்ட் வந்ததும் நிறுத்தினார்கள், அல்லது ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக ரெசிஸ்டர் வைத்து இறக்கினார்கள். முழுசா இறக்கு என்று அறிவுரை சுருங்கியபோது, எதுவரை என்ற பாதி காணாமல் போனது.

சொல்லாத பேட்டரி

இப்போது லித்தியம்.

1976-ல் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டானியம் டைசல்ஃபைடும் லித்தியம் உலோகமும் கொண்ட பேட்டரியைப் பற்றி எழுதினார். 1980-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து வோல்டேஜை 4-க்குப் பக்கத்தில் உயர்த்தியது. 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல். அப்போது குடினஃபுக்கு வயது 97.

யோஷினோ ஏன் உலோகத்தைத் தூக்க வேண்டியிருந்தது? லித்தியம் உலோகத்தில் ஏற்றி இறக்கும்போது ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவில் இருக்கும் தடுப்பைக் குத்திக்கொண்டு மறுபக்கத்தைத் தொட்டுவிடும். ஷார்ட், தீ. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் லித்தியம் உலோக செல்களைச் சந்தைக்கே கொண்டுவந்து, ஜப்பானில் செல்போன்கள் தீப்பிடித்த பிறகு 1989-ல் திரும்பப் பெற நேர்ந்தது.

கார்பன் வந்ததும் பத்திரமாகிவிட்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. கோபால்ட் ஆக்சைடை 4.2 வோல்ட் வரை ஏற்றும்போது அதிலுள்ள லித்தியத்தில் பாதி அளவுதான் வெளியே வருகிறது. மீதிப் பாதி அந்தப் படிகக் கட்டடத்தைத் தாங்கி நிற்கும் தூண். இன்னும் ஏற்றினால் தூணையும் உருவ ஆரம்பிப்போம். கட்டடம் தளர்ந்து ஆக்சிஜனை விடும். மறுபக்கம் கார்பனில் இடமில்லாத லித்தியம் உலோகமாகப் படியும். எதைத் தவிர்க்க கார்பன் வந்ததோ அதுவே திரும்பி வரும். நடுவில் இருப்பதோ எரியக்கூடிய கரைப்பான். ஆக்சிஜன், எரிபொருள், வெப்பம் மூன்றும் ஒரே பைக்குள்.

இதில் முக்கியமான விஷயம், நைகாட்டில் இருந்தது போல வாயுவை விழுங்கும் ஏற்பாடு இங்கே கிடையாது. நிறைந்த பிறகு வரும் மின்சாரம் சூடாக மட்டும் மாறி, வோல்டேஜ் சறுக்கி, நிறுத்து என்று சொல்லாது. வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். சரியாகச் சார்ஜ் ஆகும் லித்தியம் பேக் பெரிதாகச் சுடுவதும் இல்லை. கைக்குச் சூடு தெரிகிற நேரத்தில் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அதனால் சார்ஜிங்கின் தர்க்கமே தலைகீழானது. பேட்டரி சொல்லும் வரை காத்திருப்பது போய், 4.2-ல் நிறுத்து என்று நாம் முன்கூட்டியே விதிப்பது வந்தது. முதலில் நிலையான மின்னோட்டம், 4.2-ஐத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்து வைத்து, மின்னோட்டம் தானாகத் தணிய விடுவது. தொடங்கிய அளவில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று வந்ததும் முற்றும்.

12.6 என்ற பொய்

2000-க்குப் பிறகு லைப்போ எனப்படும் பை வடிவ லித்தியம் பேக்குகள் முதலில் ஆர்சி விமானங்களுக்கும் பிறகு கார்களுக்கும் வந்தன. அதே எடையில் நைகாட் தர முடியாத சக்தி.

மூன்று செல் பேக்குக்கு நிறைவு 12.6 வோல்ட். சார்ஜர் இரண்டு முனையில் அளந்து 12.6 பார்த்து நிறுத்துகிறது என்று வையுங்கள். உள்ளே 4.20, 4.20, 4.20 இருக்கலாம். 4.10, 4.10, 4.40-ஆகவும் இருக்கலாம். கூட்டினால் இரண்டும் 12.60 தான்! இரண்டாவது பேக்கில் ஒரு செல் ஆபத்தில் இருக்கிறது, சார்ஜருக்கு அது தெரியவே தெரியாது. நைகாட்டில் முந்திக்கொண்ட செல் வாயுவை விழுங்கிக்கொண்டு காத்திருந்தது. லித்தியத்துக்கு அந்தப் பொறுமை இல்லை.

பேக்கில் தடித்த இரண்டு வயர் போக, சின்ன வெள்ளை கனெக்டரில் மெல்லிய வயர்கள் தொங்குவது இதற்காகத்தான். மூன்று செல்லுக்கு நாலு வயர். ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து, முந்துகிற செல்லைக் கொஞ்சம் இறக்கி, எல்லாரையும் 4.20-ல் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பேலன்ஸ் சார்ஜ்.

அந்த வயர் இன்னொரு புதிரையும் தீர்த்தது. ஒரு பேக் 12.4 வோல்ட் காட்டுகிறது. அது கிட்டத்தட்ட நிறைந்த மூன்று செல் பேக்கா, கிட்டத்தட்ட காலியான நாலு செல் பேக்கா? வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் இல்லை. மூன்று செல் பேக்கை நாலு என்று எடுத்துக்கொண்டால் சார்ஜர் 16.8 வரை தள்ளப் பார்க்கும், செல்லுக்கு 5.6 வோல்ட். பேலன்ஸ் வயரை மாட்டினால் சார்ஜரே எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

பழக்கம் கடந்து வரும்போது

இனி அந்த மூன்று அறிவுரைகளை லித்தியத்தின் முன் நிறுத்துவோம்.

14 மணி நேரம்: தேவையே இல்லை. லித்தியம் பேக்கை விமானச் சரக்காக அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் கூடாது என்று 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேச விதி இருக்கிறது. புது பேக் அரைகுறையாக வருவதில் ஆச்சரியமில்லை. 1 சி அளவில், அதாவது 5000 எம்ஏஎச் பேக்குக்கு 5 ஆம்பியரில், ஒரு மணி நேரம் சொச்சத்தில் வேலை முடியும். தானாக நிற்கத் தெரியாத மலிவு சார்ஜரில் ராத்திரி முழுக்க விட்டால் என்ன ஆகும் என்பதை மேலேயே பார்த்துவிட்டோம்.

முழுசா இறக்கு: செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போகவிடக் கூடாது. ரொம்பக் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம்.

இங்கே ஒரு ஆபத்தான கைவைத்தியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இப்படி அடிமட்டத்துக்குப் போன லைப்போவை நல்ல சார்ஜர் ஏற்றுக்கொள்ளாது, எரர் காட்டும். உடனே சிலர் சார்ஜரை நிக்கல் மோடுக்கு மாற்றி, சில நிமிடம் ஏற்றி, வோல்டேஜ் தேறியதும் லைப்போ மோடுக்குத் திரும்புவார்கள். பேக்கை எழுப்பிட்டேன் என்பார்கள். நிக்கல் மோடு எதற்காகக் காத்திருக்கிறது? வராத ஒரு சறுக்கலுக்காக. நடுவில் போன் வந்தது, யாரோ கதவைத் தட்டினார்கள் என்றால் 4.2-ல் நிறுத்த ஆளில்லை. சார்ஜர் காட்டிய எரர் பழுது இல்லை, சரியான தீர்ப்பு. 2,000, 3,000 ரூபாய் பேக்கை மீட்க வீட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

சூடானா ஃபுல்: லித்தியத்தில் சூடு என்றால் நிறுத்து, பிடுங்கு, வெளியே வை.

மற்றதெல்லாம் இவற்றிலிருந்தே கிளைக்கும். உப்பிப்போன பேக்கில் ஏற்றக் கூடாது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம்தான் ஓட்டப்போகிறோம் என்றால் 4.2-ல் வைக்காமல் 3.8 வோல்ட் பக்கத்தில் வைக்கணும். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு மோடே இருக்கும். பெரும்பாலான லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். சார்ஜ் ஏறும் இடம் மெத்தையோ மர அலமாரியோ வேண்டாம், டைல்ஸ் தரை போதும். பக்கத்தில் விழித்திருக்கும் ஒரு ஆள் வேண்டும். புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், பிள்ளைகளை முதலில் அறைக்கு வெளியே அனுப்பணும்.

மெனுவில் இருக்கும் வரலாறு

இப்போதைய ஹாபி சார்ஜரை ஆன் செய்தால் முதல் திரையில் ஒரு பட்டியல் வரும்: லைப்போ, லித்தியம் அயன், லித்தியம் அயன் பாஸ்பேட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, நைகாட், லெட். கீழிருந்து மேலே படித்தால் இந்தக் கட்டுரை முழுக்க அதில் இருக்கிறது. இந்தப் பட்டியலுக்குள்ளேயே அயன் பாஸ்பேட்டுக்கு எல்லை 3.6 வோல்ட் பக்கம், லைப்போவுக்கு 4.2, இரண்டும் லித்தியம்தானே என்று மாற்றிப் போட்டால் அங்கேயும் வம்பு.

உள்ளே ஓடுவது ஒரே மைக்ரோகன்ட்ரோலர்தான். லெட் என்று சொன்னால் செல்லுக்கு 2.4 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். நைகாட் என்று சொன்னால் 15 மில்லிவோல்ட் சறுக்கலுக்குக் காத்திருக்கும். லைப்போ என்றால் 4.2-ல் சுவர் எழுப்பும். எதிரே மாட்டியிருப்பது எந்தக் காலத்து பேட்டரி என்பது அதற்குத் தானாகத் தெரியாது. நாம் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு வரியை நம்பித்தான் அது வேலை செய்கிறது.

பழைய டாமியா பேக் ஒன்று பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், ஒட்டியிருக்கும் தாளில் நைகாட் என்று இருந்தால் தாத்தா சொன்ன 14 மணி நேரம் அதற்கு இன்னும் செல்லும். புது லைப்போவில் ஒட்டியிருப்பது வேறு தாள். ஸ்டார்ட் பட்டனை அமுக்கும் முன் பேக்கில் இருக்கும் வரியையும் திரையில் இருக்கும் வரியையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் படித்துவிடுங்கள்.